முப்பது நாள் கத்தி

திரும்பி வரும் பொருள்களின் கிடங்கில் மேசைகள் இரண்டு. முதல் மேசைக்காரரை எல்லோரும் பூதக்கண்ணாடி என்பார்கள். முகத்துக்கு நேரே சொல்லமாட்டார்கள், முதுகுக்குப் பின்னாலும் சொல்லமாட்டார்கள். பக்கவாட்டில் நின்று கூப்பிடுவார்கள், அவரும் திரும்பிப் பார்ப்பார். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

ஊரில் உள்ளவர்கள் ஆன்லைனில் ஆசைப்பட்டு வாங்கி, வீட்டுக்கு வந்ததும் மனசு மாறித் திருப்பி அனுப்புகிற பார்சல்களெல்லாம் அங்கேதான் வந்து சேரும். பிரித்துப் பார்த்து, பொருளை உபயோகித்திருக்கிறார்களா இல்லையா என்று கண்டுபிடிப்பது அவர் வேலை. உபயோகிக்காமல், வந்த பெட்டியோடு, முப்பது நாளுக்குள் அனுப்பினால் பணம் திரும்பக் கிடைக்கும். மூன்றில் ஒன்று தவறினாலும் பொருள் வந்த வழியே வீட்டுக்குப் போய்விடும். ஒருமுறை ஒரு செருப்பின் அடியில் ஒட்டியிருந்த ஒரே ஒரு புல்லை வைத்து, அந்த அம்மாள் அதைப் போட்டுக்கொண்டு ஒரு விருந்துக்கே போய்வந்தாள் என்று நிரூபித்துவிட்டார். அந்த அம்மாள் போனில் அழுதாள். இவர் அசையவில்லை.

இரண்டாவது மேசையில் இருந்தவர் சரிதான் அக்கா. எந்தப் பெட்டியைத் திறந்தாலும் உள்ளே எட்டிப் பார்த்து, "சரிதான்" என்று ஏற்புமுத்திரையைக் குத்திவிடுவார். தோசைக்கல்லோ வாணலியோ கரியோடு வந்தாலும், பாவம், கழுவ நேரமில்லாமல் அனுப்பிட்டாங்க போல என்பார். தன் ஒருவனை நம்பித்தான் கம்பெனி நடக்கிறது என்பது பூதக்கண்ணாடியின் அபிப்பிராயம். அதை அவரே சொல்லியும் வந்தார்.

மேசைக்கு நாற்காலி கிடையாது. ஒன்பது மணி நேரமும் நின்றபடிதான். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் பூதக்கண்ணாடி காலிரண்டையும் சுவரில் உயர்த்தி வைத்துக்கொண்டு தரையில் படுத்துவிடுவார். அப்புறம் சாப்பாடு. சாப்பாட்டுக்குத் தொட்டுக்கொள்ள அன்றைய பார்சல் கதைகள். ஒவ்வொரு பார்சலோடும் ஏன் திருப்பி அனுப்புகிறோம் என்று ஒரு காரணச் சீட்டு வரும். அதையெல்லாம் மனப்பாடமாக ஒப்பித்து, இப்படியும் வாங்குவார்களா, இதற்கும் காசைக் கொட்டுவார்களா என்று விழுந்து விழுந்து சிரிப்பார். போன வருஷம் காலைப் பிடித்துவிடுகிற மெஷின் ஒன்று வந்தது. கை கால் நன்றாக இருக்கிற மனுஷனுக்குக் காலைப் பிடிக்க ஒரு மெஷினா என்று சிரித்ததில் சோறு புரையேறி, மனைவிதான் தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தாள். அவளும் சிரிப்பாள், கொஞ்சம் தாமதமாக.

அவருக்கு ஒரு பெருமை இருந்தது. பதினோரு வருஷத்தில் அவர் வீட்டிலிருந்து ஒரு பார்சல்கூடத் திரும்பி வந்ததில்லை. "வாங்கினாத்தானே திரும்பி வரும்" என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வார்.

ஊருக்கு உபதேசம் பண்ணினவருக்கு வந்தது பாருங்கள் வினை, ஒரு செவ்வாய்க்கிழமை.

அன்றைக்கு வந்த ஒரு பெட்டிக்குள் ஒரு மடக்குக் கத்தி. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். கைப்பிடி டைட்டானியமாம். கட்டைவிரலால் ஒரு தள்ளு தள்ளினால் 'டக்' என்று அலகு வெளியே வந்து நின்றது. காரணச் சீட்டில், 'மனைவி ஒத்துக்கொள்ளவில்லை' என்று யாரோ ஒரு மனுஷன் எழுதியிருந்தான். விதிப்படி ஒரு தடவை திறந்து மூடினால் போதும். இவர் பதினாறு தடவை சோதித்தார். சரிதான் அக்கா தலையைத் தூக்கி, என்ன தம்பி, ரிப்பேரா என்று கேட்டபிறகுதான் மூடி வைத்தார்.

விலை ஒன்றரை மாத வீட்டு வாடகை. அந்த விலையில் அதே மாதிரிக் கத்தியைப் புதிதாக ஆர்டர் போட்டார். 

இதில் இன்னொரு கூத்து உண்டு. ஒரு நாளைக்கு நூற்றெண்பது பெட்டி பிரிக்கிற மனுஷனுக்கு ஒரு நல்ல கத்தி நியாயம்தானே என்று நினைப்பீர்கள். கிடங்குக்குள் சொந்தக் கத்தி கொண்டுபோகக் கூடாது. யாரோ எப்போதோ கட்டைவிரலை வெட்டிக்கொண்டதிலிருந்து வாசலிலேயே சோதனை. உள்ளே கம்பெனி கொடுக்கிற மஞ்சள் கட்டர்தான். நகநுனி அளவுக்குத்தான் அலகு தெரியும், அதையும் மேசைக்காலோடு கயிறு போட்டுக் கட்டியிருப்பார்கள்.

மனைவி ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பு மேசையில் இருந்தாள். பல்லைப் பிடுங்க வந்தவர்களை உட்காரவைத்துப் பேசி ஆறுதல் சொல்கிறவளுக்குப் பொறுமை அதிகம். கத்தி வீட்டுக்கு வந்த அன்றே அவர் விலையை மறைக்காமல் சொன்னார். அவள் கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல என்னங்க பண்ணலாம்?"

"எதை வேணாலும் வெட்டலாம்."

"எதை?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். வெட்டும்படியாக வீட்டில் ஒன்றும் தென்படவில்லை.

கடைசியில் அவளே ஒரு வழி சொன்னாள். "திருப்பி அனுப்ப முப்பது நாள் இருக்குல்ல. அதுக்குள்ள இந்த வீட்டுல வேற எதாலயும் செய்ய முடியாத ஒரே ஒரு வேலைய இது செஞ்சு காட்டட்டும். செஞ்சா இருந்துட்டுப் போகட்டும். இல்லன்னா அனுப்பிடுங்க."

நியாயமான பேச்சுதான். ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொண்டு படுத்த பிறகுதான் விஷயம் உறைத்தது. வேலை செய்து காட்ட வேண்டுமானால் கத்தி எதையாவது வெட்டியாக வேண்டும். வெட்டினால் தடயம் விழும். தடயம் விழுந்தால் திருப்பி அனுப்ப முடியாது. அதைக் கண்டுபிடிக்க ஊரிலேயே ஒரு ஆள்தான் இருந்தார், அவரும் இவரேதான்.

அன்றிலிருந்து பிடித்தது சனி. கத்தியைப் பையில் வைத்துக்கொண்டு வேலை தேடினார், வேலை வந்தால் பின்வாங்கினார். மனைவி ஆப்பிள் நறுக்கும்போது பக்கத்தில் போய் நின்று, 'டக்' என்று திறந்து, ஆப்பிளுக்கு ஓர் அங்குலம் மேலே பிடித்துக்கொண்டு, இதால் எவ்வளவு மெல்லிசாக வரும் தெரியுமா என்பார். அப்படியே மூடிவிடுவார். மச்சான் ஒருநாள் வந்து, புதுச் சட்டையில் விலைச்சீட்டு தொங்குகிறது, அந்தக் கத்தியைக் கொடுங்கள் என்றார். அதெல்லாம் பல்லால் கடிப்பதுதான் முறை என்று இவர் சொல்லிவிட்டார். மாடிவீட்டுக்காரர் கட்டிலைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றில் முடிச்சு விழுந்து திணறியபோது முதலில் ஓடிப்போனவர் இவர்தான். கத்தியைத் திறந்து காட்டி, வெட்டினால் ஒரு நொடி வேலை என்று சொல்லிவிட்டு, அரைமணி நேரம் உட்கார்ந்து நகத்தால் முடிச்சை அவிழ்த்தார். மாடிவீட்டுக்காரர் அப்புறம் படியில் பார்த்தால் கொஞ்சம் ஒதுங்கியே போனார்.

காலை மாலை ஒரு மெல்லிய துணியால் துடைத்து, ஐம்பது தடவை திறந்து மூடுவார். வேலைக்குப் போகும்போது அலமாரிக்குள் வைத்துவிட்டுப் போவார். முப்பதாம் நாள் காலையில் கத்தியை வந்த பெட்டியிலேயே வைத்தார். காரணச் சீட்டை எடுத்தவர் நெடுநேரம் பேனாவைப் பிடித்தபடி இருந்தார். எத்தனை ஆயிரம் பேர் எழுதிப் படித்திருப்பார், தனக்கென்று எழுத ஒன்றும் வரவில்லை. 'தேவைப்படவில்லை' என்று எழுதி ஒட்டினார்.  மனைவி, "உங்க இஷ்டம்" என்று மட்டும் சொன்னாள்.

இரண்டு நாளில் பார்சல் கிடங்குக்கு வந்தது. வேறெங்கே வரும்? நேராக அவர் மேசைக்கே வந்தது. பெயரைப் பார்த்ததும் கிடங்கே கூடிவிட்டது. சொந்தப் பார்சலைச் சொந்தமாகச் சோதிக்கக் கூடாது என்று மேலாளர் அதை எடுத்துப் பக்கத்து மேசையில் வைத்தார்.

சரிதான் அக்கா பெட்டியைத் திறந்தார். எட்டிப் பார்த்தார். "சரிதான்" என்று முத்திரையைக் கையில் எடுத்தார்.

அந்த நேரத்தில் விளக்கு வெளிச்சம் பட்டு, அலகு கைப்பிடியோடு சேருகிற இடத்தில் மயிரிழை மாதிரி ஒரு பழுப்புக் கோடு தெரிந்தது. வீட்டின் மங்கல் விளக்கில் பூதக்கண்ணாடிக்கே தப்பியது, இங்கே வேறு யார் கண்ணுக்கும் தெரிந்திருக்காது.

"அக்கா, முத்திரையக் குத்தாதீங்க. இத யாரோ உபயோகிச்சிருக்காங்க."

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். மேலாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக்கொண்டார்.

"இது யாரோட பார்சல்?"

"என்னோடதுதான் சார்."

"பணம் யாருக்கு வரணும்?"

"எனக்குத்தான் சார்."

"அப்ப உங்களுக்கு என்னய்யா பிரச்சனை?"

"நாளைக்கு அந்தச் செருப்பு அம்மா வந்து, எனக்கு ஒரு நியாயம் உனக்கு ஒரு நியாயமான்னு கேட்டா, நான் என்ன சார் சொல்வேன்?"

அக்கா கெஞ்சினார். ஒன்றரை மாத வாடகை தம்பி, கண்ணை மூடிக்கோ என்றார். எனக்கு ஒன்றும் தெரியவில்லையே என்று சத்தியம் பண்ணினார். இவர் மஞ்சள் கட்டரின் முனையால் அந்தக் கோட்டைச் சுரண்டி, விரலில் ஒட்டிப் பார்த்து, முகர்ந்தும் பார்த்தார். முகர்ந்தவர் அப்படியே நின்றுவிட்டார். அந்தப் பசை அவருக்குத் தெரியும். பதினோரு வருஷமாக அவர் நகக்கண்ணில் இருக்கிற பசை. கம்பெனி தன் பார்சல்களுக்கு ஒட்டுகிற பழுப்பு டேப்பின் பசை அது.

அவர் வீட்டுக்கு வந்த ஒரே கம்பெனிப் பார்சல் இந்தக் கத்திதான். அதன் டேப்பை அவர் நகத்தால் அல்லவா உரித்தார்? அப்படியானால் கத்தி வேறு எந்தப் பெட்டியைப் பிரித்தது?

'நிராகரிக்கப்பட்டது' என்ற முத்திரையைத் தன் கையாலேயே வாங்கிக் குத்தினார். கிடங்கில் யாரும் சிரிக்கவில்லை. அவருக்கும் பணம் போனது உறைக்கவில்லை.

அன்று வீட்டுக்குப் போய்க் காலைச் சுவரில் வைக்கவில்லை. நேராகப் போய் மனைவியிடம், கத்தியால் எந்தப் பெட்டியைப் பிரித்தாய் என்று கேட்டார்.  அவள் கட்டிலுக்கடியில் குனிந்து, பழைய போர்வையை விலக்கி, ஒவ்வொன்றாக இழுத்து வெளியே வைத்தாள். ஏழு பெட்டிகள். எல்லாம் அவர் கம்பெனிப் பெட்டிகள். பல் டாக்டர் விலாசத்துக்கு வந்தவை. ஆறில் டேப் நேர்கோடாக வெட்டியிருந்தது. ஏழாவது மட்டும் ஒட்டியபடியே இருந்தது.

ஒன்றில் அளவு தப்பிய காலணி. ஒன்றில் சிவப்பு மழைக்கோட்டு. இன்னொன்றில் ஆறு கோப்பை, வரும்போதே ஒன்று உடைந்திருந்தது. ஆட்டிப் பார்த்ததுமே சத்தத்தில் தெரிந்துவிட்டதாம். உடைத்தது நான்தான் என்று நீங்கள் முடிவுகட்டிவிடுவீர்களோ என்று அனுப்பவில்லை என்றாள்.

"நான் எது வாங்கினாலும், அன்னிக்கோ மறுநாளோ அதே மாதிரி ஒண்ணு உங்க மேசைக்கு வந்திடும். இங்க உக்காந்து சிரிப்பீங்க. பிரிச்சுப் போட்டுக்கவும் வெக்கமா இருந்துச்சு. திருப்பி அனுப்பினா உங்க கையிலதானே வந்து நிக்கும். அதான் கட்டிலுக்கடியில போட்டுட்டேன்."

"வீட்டுல கத்தரிக்கோல் இருந்துச்சேம்மா."

"கத்தரிக்கோல் இருந்துச்சுங்க. தைரியந்தான் இல்ல. ஒருநாள் சும்மா அந்தக் கத்திய எடுத்துத் திறந்தேன். 'டக்'னுச்சா, என்னவோ ஒரு தைரியம் வந்துச்சு. ஒரு நாளைக்கு ஒண்ணா பிரிச்சேன். நல்லாத்தான் துடைச்சு வெச்சேன். உங்க கண்ணுதான் பாழாப்போன கண்ணு."

நீ கேட்ட வேலையைத்தான் கத்தி செய்துவிட்டதே, அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்றார். சொன்னால் பெட்டியைப் பற்றியும் சொல்லணுமே என்றாள். அவருக்கு அவமானமாக இருந்தது. செருப்பு அம்மாள் போனில் அழுதபோது வராத அவமானம், மொத்தமாக அன்றைக்கு வந்தது. ஏழாவது பெட்டியை ஏன் பிரிக்கவில்லை என்று கேட்டார். பிரிப்பதற்குள் நீங்கள்தான் கத்தியைக் கட்டி அனுப்பிவிட்டீர்களே, அது வரட்டும் என்றாள். கத்தரிக்கோலைக் கையில் எடுத்துக் கொடுத்தும் தொடவில்லை.

மூன்றாம் நாள் கத்தி திரும்பி வந்தது, நாலு பக்கமும் பழுப்பு டேப் சுற்றி. கத்தியை வெளியே எடுக்க ஒரு கத்தி தேவைப்பட்டது. சாவியால் குத்தி, பல்லால் கடித்து, இருவரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்து ஒருவழியாக எடுத்தார்கள்.

அவள் 'டக்' என்று திறந்து ஏழாவது பெட்டியின் டேப்பில் ஒரு கோடு இழுத்தாள். மூடியை விலக்கி, உள்ளே இருந்ததை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். காலைப் பிடித்துவிடுகிற மெஷின். அவருக்குச் சோறு புரையேறிய அந்த வாரம் வந்தது.

"தினமும் சுவத்துல காலத் தூக்கி வெச்சுக்கிட்டுக் கிடந்தீங்களேன்னு வாங்கினேன்" என்றாள்.

  அவளே மின்சாரத்தில் செருகி, அவர் கால் இரண்டையும் எடுத்து உள்ளே வைத்தாள். மெஷின் உறுமிக்கொண்டு ஒன்பது மணி நேர வலியைப் பிடித்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். மூடியும் தண்ணீர் வந்தது, அதை அவர் மறைக்கவில்லை.

"எப்படி இருக்கு? பிடிக்கலன்னா சொல்லுங்க, கெஞ்சிக் கூத்தாடியாவது திருப்பி அனுப்பிடலாம். சரிதான் அக்கா மேசைக்குப் போனா ஏத்துக்குவாங்க. பெட்டி அப்படியே இருக்கு."

அவர் கண்ணைத் திறந்தார். கையை நீட்டி அவளிடமிருந்து கத்தியை வாங்கினார். மெஷின் வந்த பெட்டியை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டார். நடுவில் ஒரு வெட்டு, குறுக்கே ஒரு வெட்டு, மூலைக்கு மூலை ஒரு வெட்டு என்று துண்டு துண்டாக வெட்டிப்போட்டார். அலகெல்லாம் பசை ஒட்டியது. அப்புறம் மற்ற ஆறு பெட்டிகளையும் இங்கே தள்ளு என்றார்.