காற்புள்ளிக்காரர்

ஒரு கையில் சாண்ட்விச், மறு கையில் பென்சில். சாஸ் பாட்டிலில் ஒட்டியிருக்கும் சீட்டை ஆர்தர் கிளெக் திருத்திக்கொண்டிருக்கிறார். எந்தப் பாட்டில் வாங்கினாலும் அதே சீட்டு, அதே இடத்தில் விட்டுப்போன காற்புள்ளி. அதைப் போட்ட பிறகுதான் மூடியைத் திறப்பார். "சாஸுக்கு எதுக்குய்யா கமா? ஊத்தினா வருதா இல்லையா?" என்று கேட்ட அச்சு மெஷின்காரரோடு நாலு நாள் பேசவில்லை.

ஹாலிஃபாக்ஸ் ஊரில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கிற வேலை. வயது ஐம்பத்து மூன்று. கல்யாணம் கட்டவில்லை, யாரும் கட்டச் சொல்லவும் இல்லை. எழுதுகிறவர்களை அளக்க அவரிடம் ஒரே கோல்தான். அரைப்புள்ளி போடத் தெரிந்தவன் மனுஷன், தெரியாதவன் வாடிக்கையாளர். ஆச்சரியக்குறிக்கு அவர் வைத்திருக்கும் பெயர் 'ஊளை'. ஒரு பாதிரியாரின் பிரசங்கப் புத்தகத்தில் ஒரே பக்கத்தில் ஏழு ஊளைகளைப் பார்த்துவிட்டு, "கடவுளுக்குக் காது மந்தம்னு யாரோ இவர்கிட்ட சொல்லிட்டாங்க போல" என்றார். ஏழில் ஆறை அடித்த பிறகுதான் அன்றைக்கு டீ குடித்தார்.

அவருக்கு எதிர் நாற்காலியில் மேவிஸ் பூத். கையெழுத்துப் பிரதியை அவள் வாய்விட்டு வாசிக்க, அச்சான தாளில் இவர் கண்ணை ஓட்டுவார். குறிகளையும் சேர்த்துத்தான் வாசிக்க வேண்டும். அடுத்த மேஜை ஜோடிகள் 'கமா', 'ஃபுல்ஸ்டாப்' என்று வாயால் சொல்லி மாய்வார்கள். இவர்களிடம் அந்தப் பேச்சே இல்லை. காற்புள்ளிக்குப் பென்சிலால் ஒரு தட்டு. அரைப்புள்ளிக்குத் தட்டிவிட்டு நகத்தால் ஒரு கீறல். முற்றுப்புள்ளிக்கு விரல்முட்டியால் ஒரு குத்து. இருவரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்ததில்லை. பன்னிரண்டு வருஷத்தில் தானாக வந்து சேர்ந்த பழக்கம். மிஸ்டர் கிளெக், மிஸஸ் பூத் என்பதைத் தாண்டி ஒருவரையொருவர் கூப்பிட்டதில்லை. போரில் இறந்துபோன அவள் புருஷனின் பெயர்கூட அவருக்குத் தெரியாது. ஆனால் அவள் தட்டுகிற தட்டைக் கேட்டே அன்றைக்குத் தலைவலியா, தூக்கம் சரியில்லையா என்று சொல்லிவிடுவார்.

போன வசந்தத்தில் டென்னிஸ் ராவ்ஸன் வேலைக்கு வந்தான். மான்செஸ்டர்காரன், முப்பது வயது, படிய வாரிய தலை. வந்த சூட்டோடு பெரிய சட்டப் புத்தகத்தை அவனிடம் கொடுத்து, வாசிக்க இரண்டு வாரத்துக்கு மேவிஸையும் இரவல் கொடுத்தார்கள். ஆர்தருக்கு வாய்த்தவர் மூச்சிரைக்கும் ஒரு கிழவர்.

பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் மேவிஸ் சிரிப்பது கேட்டது. அவளுக்குச் சிரிக்க வரும் என்பதே இவருக்குப் புதுச் செய்தி. அதைக்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார். அடுத்துக் கேட்டது பென்சில் தட்டு. பிறகு கீறல், பிறகு குத்து. அத்தனையையும் அவனுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டாள். எதையோ வீட்டிலிருந்து எடுத்துக் கொண்டுபோய்க் கண்டவனுக்குக் கொடுத்துவிட்டாள் என்றுதான் இவருக்குத் தோன்றியது. டென்னிஸ் பார்த்து முடித்த தாள்களைக் கழிவுக் கூடையிலிருந்து பொறுக்கியெடுத்து, ஒரு பிழையாவது கிடைக்காதா என்று வாரம் பூராவும் தேடினார். கிடைக்கவில்லை. எரிச்சல் இன்னும் கூடியது.

வெள்ளிக்கிழமை மேற்பார்வையாளர் சக்டன் கீழே இறங்கி வந்தார். டென்னிஸ் தனக்கு வாசிக்க மேவிஸை நிரந்தரமாகவே கேட்கிறானாம். போனால் அவளுக்குப் பதவியும் ஒரு படி உயருமாம். "அவ வேலையைப் பத்தி நாலு வரி எழுதிக் குடு, ஆர்தர். நீ நல்லபடியா எழுதினா திங்கக்கிழமையிலேருந்து அங்க. இல்லேன்னா பழையபடி உங்கிட்டயே இருக்கட்டும்."

அவளுக்கு இஷ்டமா என்று ஆர்தர் கேட்டார்.

"கேட்டதும் முகமெல்லாம் பல்லுப்பா."

ஆர்தர் உட்கார்ந்து எழுதினார். மிஸஸ் பூத் வாசிக்கையில் காற்புள்ளிகளை விழுங்கிவிடுகிறார்; அரைப்புள்ளிகளில் கவனம் போதாது; பொறுப்பான வேலைக்கு, என் கருத்தில், இன்னும் தகுதி பெறவில்லை. அத்தனையும் பச்சைப் பொய். குறிகள் மட்டும் அதனதன் இடத்தில் இருந்தன.

தாளை எடுத்துக்கொண்டு மாடிப்படி வரை போனார். திரும்பி வந்தார். இன்னொருவர் வாசித்துத் தான் கேட்காத தாள் எதுவும் முப்பது வருஷத்தில் அவர் கையை விட்டுப் போனதில்லை. தன் எழுத்தில் உள்ள தப்பு தன் கண்ணுக்குத் தெரியாது என்று புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் சொல்கிறவர். மூன்றாவது வரியில் ஏதோ உறுத்தியது. மறுபடியும் படி வரை போனார், மறுபடியும் வந்தார். உறுத்தியது காற்புள்ளிதானா என்று அவருக்கே தெரியாது.

கோட்டை எடுக்க மேவிஸ் இந்தப் பக்கம் வந்தாள். ஆர்தர் தாளை மேஜைமேல் அவள் பக்கமாக நகர்த்தினார்.

"வாசிக்கணுங்களா, மிஸ்டர் கிளெக்?"

தலையை ஆட்டினார்.

அவள் உட்கார்ந்து வாசிக்கத் தொடங்கினாள். தன் பெயர் வந்த இடத்தில் ஒரு மூச்சு நின்றாள். பிறகு, சட்டப் புத்தகத்தை வாசிக்கிற அதே குரலில் கடைசி வரை வாசித்தாள். ஒரு தட்டு பிசகவில்லை, ஒரு கீறல் விட்டுப்போகவில்லை. பார்ப்பதற்கு ஆர்தர் கையில் தாள் எதுவும் இல்லை. மேஜையின் மைக்கறையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தப்பு ஒண்ணும் இல்லீங்க," என்றாள். "கமா எல்லாம் சரியாத்தான் இருக்கு."

ஓரத்தில், வாசித்தவர் எப்போதும் போடுகிற இடத்தில், தன் பெயரின் முதலெழுத்துகளைப் போட்டாள். அதற்குக் கீழே அவர் போட வேண்டிய இடம் காலியாக இருந்தது. தாளை அவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, பென்சிலை நீட்டினாள்.