மாடியறைக்குப் பால் காய்ச்சியது

ரொறன்ரோ நடுநகரில் நான் வாடகைக்கு எடுத்த அறை, விக்டோரியா காலத்துச் செங்கல் வீடொன்றின் உச்சியில், கூரைச் சரிவுக்குக் கீழே இருக்கிறது. பிற்காலத்தில் பெரும்புகழ் பெற்ற ஓர் எழுத்தாளர், யாருக்கும் தெரியாத இளைஞனாக அங்கே தங்கித்தான் முதல் கதைகளை எழுதினாராம். வாசல் பலகை அப்படிச் சொல்கிறது. வருபவர்கள் பலகையைப் படமெடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். இப்போது மேலே யார் இருக்கிறார் என்று ஒருவரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். பல்கலைக்கழகமும் போனேன். அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. பகலில் அலுவலக வேலை, பின்னேரங்களில் எழுத்து. நகரின் ஓரத்தில், மல்வேர்னில் உள்ள எங்கள் வீட்டில் இரண்டு தங்கச்சிமாரோடு இருந்த அறையில் கட்டில் விளிம்புதான் என் மேசை. அதனால்தான் வேறு அறை தேடினேன். வீட்டில் சொன்ன அன்று பெரியம்மாவும் வந்திருந்தார்.

"கலியாணம் கட்டாத பிள்ளை தனிய இருக்கிறதோ?" என்றார் அம்மா.

"பெரிய எழுத்தாளர் இருந்த அறை அம்மா. அவரும் தனியத்தான் இருந்தவர்."

"அவர் ஆம்பிளை. தனிய இருந்தா பலகை அடிப்பினம். நீ இருந்தா சனம் கதைக்கும்."

"சனமே எனக்கு வாடகை கட்டுறது?"

பெரியம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "படிப்பிச்சுவிட்டது பிழையாப் போச்சு. வாய் நீண்டிட்டுது."

"ஓம் பெரியம்மா. அதுக்குத்தானே படிச்சனான்."

குடிபுகும்போது பால் காய்ச்சுவது எங்கள் வழக்கம். பால் பொங்கி வழிய வேண்டும். அடுப்பை மூட்டுவது வீட்டின் மூத்த சுமங்கலி. ஞாயிறு காலை வரும்படி அம்மாவைக் கேட்டேன்.

"நான் வந்தா சம்மதிச்ச மாதிரி. வரமாட்டன்."

பால் காய்ச்சாமல் நான் குடிபோகமாட்டேன் என்று அம்மா நம்பினார். அது சரிதான். ஆனால் காய்ச்சுவதற்கு அவர் வேண்டும் என்று நினைத்தது பிழை.

கீழே எல்லோருக்கும் பொதுவான சமையலறையில் நானே அடுப்பைப் போட்டேன். விளக்கில்லை, சாமிப்படமில்லை. பால் நுரைத்து எழுந்தபோது அணைக்காமல் நின்றேன். வழிந்து, கருகி, புகை எழும்பி, சுவரிலிருந்த அலாரம் கத்தத் தொடங்கியது. கீழ் அறைப் பெண் ஓடிவந்து, பார்த்துக்கொண்டே நிற்கிறாயே என்று ஆங்கிலத்தில் திட்டினாள். வழியத்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் படமெடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன்.

உடனே ஃபோன் அடித்தது.

"எந்தப் பக்கம் வழிஞ்சது?"

கிழக்கில் வழிந்தால் நல்லது என்பது அவர் நம்பிக்கை. அந்தச் சமையலறையில் கிழக்கு எதுவென்று நான் பார்த்திருக்கவில்லை.

"நான் நிண்ட பக்கம்."

"அது எந்தத் திசை எண்டு கேக்கிறன்."

"நான் நிண்ட பக்கம் அம்மா," என்று இன்னொரு தரம் சொன்னேன்.