மேசையை விட்டு விலகாத கைகள்

அமரவிளையில் எங்கள் எதிர்வீட்டுக்காரர் மொபைல் கடை வைத்திருக்கிறார். மாலையில் அங்கேயே உட்கார்ந்து, கால்பந்து வீரர்களின் படம் போட்ட கார்டுப் பெட்டிகளை நேரலையில் பிரிப்பார். பார்க்கிறவர்கள் ஆளுக்கொரு அணியை முன்கூட்டியே ஆன்லைனில் பணம் கட்டி எடுத்துக்கொள்வார்கள். வரும் கார்டு எந்த அணியுடையதோ, அந்த அணியை எடுத்தவருக்குப் போகும். அரிய கார்டு விழுந்தால் நல்ல விலைக்கு விற்கலாம்.

கையில்லாத பனியனோடுதான் உட்காருவார். கார்டை மாற்றிவிட்டார் என்று யாரும் சொல்லிவிடக்கூடாதே என்று, இரண்டு கைகளும் கேமராவின் பார்வையை விட்டு நகராது. நெற்றியில் கொசு கடித்தால் கையைத் தூக்கமாட்டார். மேசைவரை குனிந்து, நெற்றியைக் கையருகே கொண்டுவந்து சொறிந்துகொள்வார்.

ஒருமுறை நானும் ஓர் அணிக்குப் பணம் அனுப்பினேன். உடனே திருப்பி அனுப்பிவிட்டார். நேரே கடைக்குப் போனேன்.

"ஏன் அண்ணே, என் பைசா மட்டும் பைசா இல்லியா?"

"நீ நம்ம ஆளாக்கும். அதனாலதான் வேண்டாம் மக்கா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கண்காணாத ஊர்க்காரனுக்கெல்லாம் விற்கலாம். சர்ச்சில் பக்கத்தில் உட்காருகிறவனுக்குக் கிடையாதாம். எதிர்வீட்டில் குடியிருப்பது ஒரு குற்றமா?

"என்னைக் கள்ளன்னு நெனச்சியளா?"

அவர் குரலை உயர்த்தவில்லை. "நல்ல கார்டு உனக்கு விழுந்தா, நான் கள்ளத்தனம் செய்தேன்னு மத்த ஆளுவ சொல்லுவினும். விழாம போனா, நீ சொல்லுவ."

மற்றவர்களைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். என்னைப் பற்றி அப்படிச் சொல்ல அவர் யார்? அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. அவருடைய நேரலையை ஒருநாள்கூடத் தவறவிடாமல் பார்க்கிறேன், அந்தக் கைகள் ஒருமுறையாவது மேசையை விட்டு விலகுகின்றனவா என்று.