மடியில் வைத்த வெட்டுக்கத்தி

பெர்டினா லரோண்ட் யாரையும் நம்புவதில்லை. எங்கள் தீவின் ரோசோ துறைமுகத்தில் சுற்றுலாக் கப்பல் நிற்கும் நாட்களில் பயணிகளைச் சுற்றிக்காட்ட அழைத்துப் போகும் வேன்களில் ஒன்று அவளுடையது. புருஷனை நம்பிக் கெட்டவள், அதனால்தான் இப்படி என்பார்கள் ஊரில். எனக்கு அப்படித் தோன்றவில்லை. துறைமுக அனுமதி அட்டையைக் கண்ணாடியில் ஒட்டிய நாளிலிருந்துதான் அவள் மாறினாள். இழப்பதற்கு ஒன்று கிடைத்த பிறகே மனிதருக்குச் சந்தேகம் வருகிறது.

அந்த ஆண்டு ஒரு வதந்தி உலவியது. பயணிகளோடு பயணிகளாகக் கப்பல் கம்பெனியின் வேவுக்காரர்களும் இறங்குகிறார்களாம். ஒரு புகார் போதும், அட்டை போய்விடுமாம். கெல்வின், நார்மா என்ற வயதான தம்பதி காலை வணக்கம் சொல்லாமல் வேனில் ஏறியதை பெர்டினா மனதில் குறித்துக்கொண்டாள். எங்கள் தீவில் சண்டைக்கு வருகிறவன்கூட வணக்கம் சொல்லிவிட்டுத்தான் தொடங்குவான். அருவியில் அந்த அம்மாள் ஒரு படம்கூட எடுக்கவில்லை; வேனின் டயரைப் பார்த்தார், பெர்டினாவின் கைகளைப் பார்த்தார். வெந்நீர்ச் சுனையில் கணவர் இறங்க, அவர் மட்டும் பைகளை அணைத்துக்கொண்டு கரையில் நின்றார். வேவுக்காரிதான் என்று பெர்டினா முடிவு கட்டினாள்.

திரும்பும் வழியில், மலை வளைவில் எங்கள் ஊர் முதியவர் தியோபில் கை காட்டினார். தோளில் சேப்பங்கிழங்கு மூட்டை, கையில் நீண்ட வெட்டுக்கத்தி. பெர்டினா யோசிக்கவேயில்லை, கால் தானாக பிரேக்கை அழுத்தியது. மலைப் பாதையில் கை காட்டும் ஊர்க்காரரை விட்டுவிட்டுப் போவது எங்களுக்குப் பழக்கமில்லை. கத்தி அவள் கண்ணில் படவும் இல்லை. தோட்டக்காரர் காலில் செருப்பு இருப்பதுபோல, கையில் அது இருக்கும்.

தியோபில் எல்லோருக்கும் வணக்கம் சொல்லிவிட்டு, தம்பதிக்குப் பின்னால் உட்கார்ந்தார். நார்மா திரும்பிக் கத்தியைப் பார்த்தார்.

"வண்டியை நிறுத்துங்க," என்றார் நார்மா.

இருவரும் இறங்கிச் சாலையோரம் நின்றார்கள். அந்த ஆள் இறங்கினால்தான் ஏறுவோம் என்றார்கள். கப்பல் கிளம்பும் நேரம் நெருங்கியது. தவறவிட்டால் புகார் நிச்சயம். ஆனால் வயதானவரை நடுவழியில் இறக்கிவிட பெர்டினாவுக்கு மனம் வரவில்லை.

"எதுக்கு பெர்டினா இவங்க இப்படி பயப்படறாங்க?" என்று கேட்டார் தியோபில்.

"உங்க கத்தி, மாமா."

அவர் கத்தியைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். இறங்கிப் போய், பிடியை முன்னால் நீட்டி நார்மாவிடம் கொடுத்தார். "அப்போ நீங்களே வச்சுக்கோங்கம்மா. இப்போ நான்தான் பயப்படணும்."

கெல்வின் சிரித்தார். நார்மா சிரிக்கவில்லை, ஆனால் வாங்கிக்கொண்டார். வேனில் ஏறி, கத்தியை மடியில் கிடத்தி, இரு கைகளாலும் பிடித்தபடி வந்தார். பெர்டினா கண்ணாடி வழியே அவரையே பார்த்தாள். அவர் தியோபிலையே பார்த்தார்.

நேரமில்லாததால், தியோபில் இறங்க வேண்டிய சந்தையில் நிறுத்தாமல் நேராகத் துறைமுக வாசலுக்கே ஓட்டினாள். நார்மா அவசரமாக இறங்கினார், கத்தியோடு. இறுகப் பிடித்திருந்ததில் மறந்தே போயிருந்தார்.

காவலர் ஓடிவந்தார். யாருடையது என்று கேட்டபோது அவர் கண் வேனின் அட்டைமேல் இருந்தது. வண்டியில் ஆயுதம் என்றால் அட்டையைக் கழற்றுவார்கள். தியோபில் வாய் திறக்கப் போனார். பெர்டினா திரும்பி, வேண்டாம் என்று கையால் சைகை செய்தாள். நார்மா வேனைத் திரும்பிப் பார்த்தார்.

"என்னுதுதான். ஊருக்குக் கொண்டுபோக வாங்கினேன்," என்றார்.

கப்பலில் ஏற்ற முடியாது என்று காவலர் கத்தியைப் பிடுங்கிக்கொண்டார். தம்பதி படியேறினார்கள். விடைபெறவில்லை.

நார்மா சொன்ன பொய்யை இரக்கம் என்கிறார்கள் ஊரில். விசாரணையில் மாட்டினால் கப்பல் போய்விடும் என்ற கணக்காகவும் இருக்கலாம். பெர்டினா இரண்டையும் ஏற்கவில்லை. புகார் வரும் என்று கப்பல்கள் வரும் அந்தப் பருவம் முழுக்கக் காத்திருந்தாள். வரவில்லை. அதுவும் அவளுக்குச் சரியாகப் படவில்லை.

அடுத்த கப்பல் நாளில் அதே வளைவில் தியோபில் புதுக் கத்தியோடு நின்றார். கை காட்டவில்லை. பெர்டினா தானே நிறுத்தி, கத்தியை மேலே கூரையில் கட்டச் சொன்னாள்.

"அது மேல போனா நானும் மேலதான் வருவேன்," என்றார் அவர்.

உள்ளே பயணிகள் கிசுகிசுத்தார்கள். அவர் ஏறுவதற்கு அவள் கூரை ஏணியை இறக்கிப் போட்டாள்.