டாக்டருக்கு வைத்தியம் தேடிய வருஷம்

அடையாறில் என் அக்கா வீட்டின் முன்னறைகள் இரண்டும் அவள் கணவர், என் அத்திம்பேரின் டிஸ்பென்சரி. அப்பா போன பிறகு நான் அவர்களோடுதான் இருந்தேன். மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் வேலை. சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கித் தெருவில் திரும்பும்போதே எங்கள் வாசலில் குவிந்திருக்கும் செருப்புகள் தெரியும். அத்திம்பேர் கைராசிக்கார டாக்டர் என்று பெயர் எடுத்தவர். குப்பத்திலிருந்தும் வருவார்கள், காரிலும் வந்து இறங்குவார்கள்.

அவருக்கு இடுப்பில் டிஸ்க் விலகி ஒரு மாதம் படுத்திருந்தார். வலி தாங்காமல் கத்தும்போதெல்லாம், கூடப் படித்த டாக்டர் ஒருவர் வந்து பெத்தடின் என்ற மயக்கும் வலிமருந்தை ஊசியில் போட்டுவிட்டுப் போவார். வலி போனது. எழுந்து நடமாடினார். ஊசி மட்டும் போகவில்லை என்பது எங்களுக்குத் தெரிய வெகுநாள் ஆயிற்று.

முதலில் நான் கவனித்தது சட்டையை. எப்போதும் அரைக்கை வெள்ளைச் சட்டை போடுகிறவர் அக்னி நட்சத்திரத்தில் முழுக்கைச் சட்டையைப் பொத்தான் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கழுத்தெல்லாம் வியர்வை. "வெயில் மேல படாம இருந்தா நல்லது" என்றார். காபி டம்ளரை எடுத்தபோது விரல்கள் தாமாகத் துள்ளி, காபி டபராவிலும் வேட்டியிலும் சிந்தியது. அக்கா துடைத்துவிட்டாள். பிறகு நோயாளிகள் காத்திருக்கும்போதே எழுந்து பின்னறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்ள ஆரம்பித்தார். "அய்யா ரெஸ்ட்டு எடுக்கறாரு, கொஞ்சம் குந்துங்க" என்று கம்பவுண்டர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருப்பார். திரும்பி வரும்போது அத்திம்பேர் முகத்தில் ஒரு சிரிப்பு இருக்கும். அந்தச் சிரிப்பு யாரையும் பார்த்துச் சிரித்ததல்ல.

அது மதுவிலக்கை எடுத்து, சாராயக்கடைகளைத் திறந்துவிட்டிருந்த சமயம். ஊரில் யாரைக் கேட்டாலும் குடியைப் பற்றித்தான் பேச்சு. எங்கள் தெருவில் எவனாவது தள்ளாடிக்கொண்டு போனால் பக்கத்து வீட்டு மாமி அக்காவிடம், "உங்காத்துக்காரர் மாதிரி தங்கமான மனுஷாளும் இருக்காளேன்னு நெனச்சுப்பேன்" என்பாள். அக்கா தலையாட்டுவாள்.

ஒரு நாள் அடுத்த தெருவிலிருந்து ஒரு பெண்ணைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார்கள். சிறுநீரகத்தில் கல். முன்னறைக் கட்டிலில் புரண்டு புரண்டு அலறினாள். அத்திம்பேர் ஊசி போட்டுவிட்டு, "இப்போ அடங்கிடும்" என்று அவள் புருஷனிடம் சொன்னார். அடங்கவில்லை. நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். அந்தக் குரலில் ஒரு விடையும் மண்டையில் ஏறவில்லை. "ஊசி போட்டும் போகலியே, போகலியே" என்று அவள் கத்தக் கத்த, அத்திம்பேர் நாற்காலியில் சாய்ந்து அமைதியாக உட்கார்ந்திருந்தது கதவிடுக்கு வழியாகத் தெரிந்தது.

கம்பவுண்டர் கொல்லைப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு சமையலறை வாசலுக்கு வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"அம்மா, அந்தம்மாவுக்குப் போட்டது வெறும் தண்ணிம்மா. மருந்து அய்யா கைக்குள்ள பூட்ச்சி, அவரே குத்திக்கினாரு. இத்தினி நாளா வாயை மூடிக்கினு இருந்தேன். இன்னிக்கு முடியல."

அக்கா அடுப்பை அணைத்தாள். புடவையைக்கூட மாற்றாமல் டாக்சி வரவழைத்து, அந்தப் பெண்ணைத் தானே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். திரும்பி வந்ததும் என்னிடம் சொன்னது இதுதான்: "வெளியில சொன்னா டிஸ்பென்சரியை மூடிடுவா. சொல்லலேன்னா இங்க யாராவது செத்துப்போயிடுவா. நீ சொல்லுடி, நான் எங்க போறது?"

உடம்புக்கு ஒன்றென்றால் அந்தப் பேட்டையே எங்கள் வீட்டுக்குத்தான் வரும். எங்களுக்குப் போக இடமில்லை.

மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்தெருவில், மெடிக்கல் காலேஜில் அத்திம்பேருக்குப் பாடம் சொன்ன புரொபசர் இருந்தார். அவரிடம் போனோம். அக்கா சொல்லச் சொல்ல, அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில், "நீ சொன்னதை நான் கேக்கலைம்மா. கேட்டதா வெச்சுண்டா நான் மெடிக்கல் கவுன்சிலுக்கு எழுதணும். மகாபலிபுரம் பக்கம் அழைச்சுண்டு போ. காத்து மாறினா சரியாயிடும்" என்று எழுந்துவிட்டார்.

என் பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர் ஒருத்தி இருந்தாள். அவள் புருஷன் குடித்துக்கொண்டிருந்து நிறுத்தியவர். தி. நகரில் ஒரு சர்ச்சுக்குப் பக்கத்துக் கூடத்தில், குடியை விட்டவர்கள் ஞாயிற்றுக்கிழமை கூடுகிறார்கள் என்று அவள்தான் சொன்னாள். அக்காவும் நானும் அங்கே போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தோம். பாதிப் பேச்சு இங்கிலீஷில் நடந்தது. கூட்டம் முடிந்ததும் ஜவுளிக்கடை வைத்திருந்த திருநெல்வேலிக்காரர் ஒருவர் எங்களிடம் வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தாடையைத் தடவினார்.

"ஊசி கேஸ் இங்க வந்ததில்லம்மா. என்ன செய்யணும்னு எனக்குத் தெரியல. தெரிஞ்ச மாதிரி பேசப்பிடாது. ஆனா என்னைத் தேத்துன மனநல டாக்டர் ஒருத்தர் இருக்காரு. அவர்கிட்ட நான் சொல்லி வைக்கேன். தைரியமாப் போங்க."

அந்த டாக்டர் எங்களை வெளியே அனுப்பவில்லை, அதுவே பெரிதாக இருந்தது. வீட்டில் வைத்துத் திடீரென்று நிறுத்தக் கூடாது, ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும், அதற்கு அத்திம்பேர் சம்மதிக்க வேண்டும் என்றார். "சீக்கிரம் பேசுங்க. இந்த மருந்து ரொம்ப நாள் டைம் கொடுக்காது" என்றும் சொன்னார்.

அக்கா பேசினாள். அத்திம்பேர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. மெல்லிய குரலில், "மனநல வார்டுல நான் போய்ப் படுத்தா, அப்புறம் ஒருத்தரும் இந்தப் படி ஏற மாட்டா. நீயும் உன் தங்கையும் என்ன பண்ணுவேள்? யோசிச்சுண்டு சொல்லு" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, பள்ளிக்கூடத்தில் பரீட்சை எப்போது என்று விசாரித்தார்.

அதன் பிறகு வீட்டில் யாரும் உரக்கப் பேசவில்லை. பின்னறைத் தாழ்ப்பாள் விழும் சத்தத்துக்கு அக்கா கரண்டியோடு நிற்பாள். திறக்கும் சத்தம் கேட்டால்தான் குழம்பைக் கிளறுவாள். நான் பஸ்ஸை விட்டு இறங்கியதும் வாசலில் கூட்டம் இருக்கிறதா, அது எப்படிப்பட்ட கூட்டம் என்று பார்த்துக்கொண்டே நடப்பேன்.

நடந்தது ஒரு விடுமுறை நாள் மத்தியானம். குளியலறையில் குழாய் திறந்தபடி ஓடிக்கொண்டிருந்தது. அக்கா கூப்பிட்டாள். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டாள். அதற்குள் தண்ணீர் கதவடியில் கசிய ஆரம்பித்துவிட்டது. கம்பவுண்டர் ஓடிவந்து தோளால் இடித்துக் கதவைப் பெயர்த்தார். அத்திம்பேர் சுவரோரமாகச் சரிந்து கிடந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. சட்டைக் கை சுருட்டியிருந்ததால் அந்தக் கையை நான் முதல்தடவையாகப் பார்த்தேன். முழங்கைக்கு மேலே தோல் முடிச்சு முடிச்சாகக் கட்டியாகிப்போய், ஊசி குத்த இடமில்லாமல் இருந்தது.

"மூச்சு கீதும்மா, மூச்சு கீது" என்று கம்பவுண்டர் கத்தினார்.

ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டர் சிறு வயதுக்காரர், அத்திம்பேரை அறிந்தவர். ஸ்ட்ரெச்சரைப் பார்த்ததும் பதறி, "சாருக்கு ஹார்ட்டா மேடம்? ஹார்ட்தானே?" என்று பேனாவை எடுத்துவிட்டார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், குடும்ப மானம் தப்பித்துவிடும். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். நகம் பதிந்தது.

"இல்லை. பெத்தடின். தானே போட்டுக்கறார். ரொம்ப நாளா" என்றாள் அக்கா.

அந்தப் பையனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. என்ன மருந்து கொடுக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. சாயங்காலத்துக்குள் உதட்டில் நிறம் வந்தது. மனநல டாக்டர் வந்து பார்த்துத் தன் வார்டுக்கு மாற்றிக்கொண்டார். இந்தத் தடவை அத்திம்பேர் மறுக்கவில்லை. உடம்பு உதறி, வாந்தியும் பேதியுமாகக் கிடந்த நாட்களில் எங்களைக் கெட்ட வார்த்தை சொல்லித் திட்டினார். அழுதார். ஜவுளிக்கடைக்காரர் கடையை விட்டுவிட்டு வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். அவரிடம் என்ன பேசுவது என்று அத்திம்பேருக்குத் தெரியாது, இவரிடம் என்ன பேசுவது என்று அவருக்கும் தெரியாது. ஆனாலும் வருவார்.

வீட்டுக்கு வந்த பிறகு டிஸ்பென்சரி போர்டைக் கழற்றினோம். ஒரு தடவை சறுக்கினார். கே.கே. நகரில் ஒரு சிநேகிதர் கிளினிக்குக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டு வந்த அன்று செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் நின்று, "என்னை மறுபடி கூட்டிண்டு போ" என்றார். அக்கா பையை எடுத்துக்கொண்டாள். அதற்கப்புறம் ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீசில், பாலிசி எடுப்பவர்களின் நெஞ்சையும் ரத்த அழுத்தத்தையும் பார்த்து எழுதும் வேலைக்குப் போனார். மருந்து அலமாரி இல்லாத வேலை. வைத்தியம் பார்ப்பதை விட்டது அவருக்குப் பெரிய துக்கம். அதைப் பற்றிப் பேசமாட்டார்.

விஷயம் எப்படியோ பரவியிருந்தது. ஒரு சாயங்காலம் கோட்டூர்புரத்திலிருந்து ஓர் அம்மாள் ரிக்ஷாவில் வந்து இறங்கினார். அவர் கணவரும் டாக்டர், அவர் கையிலும் அதே ஊசி. அக்கா அவரை உள்ளே கூட்டிப்போனாள். அந்த அம்மாள் காபியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் ஆபீசிலிருந்து வந்த அத்திம்பேர், நிலைப்படியில் நின்றபடியே கேட்டார்.

"அவர் இப்போ எங்க இருக்கார்?"

"ஆத்துல. தூங்கறார்னு வேலைக்காரிகிட்ட சொல்லிட்டு வந்திருக்கேன்."

"எழுப்பிப் பாத்தேளா?"

அந்த அம்மாள் எழுந்துவிட்டார். அத்திம்பேர் திரும்பி வாசலுக்கு நடந்துவிட்டார். அக்காவும் அந்த அம்மாளும் பின்னாலேயே ஓடினார்கள்.

அன்றைக்கு அந்த மனிதரை எழுப்ப முடிந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஆனால் அடுத்த வருஷம் எழுப்ப முடியவில்லை. அதற்குப் பிறகும் அந்த அம்மாள் எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார். அத்திம்பேர் ஆபீஸ் விட்டு வரும் நேரமாகப் பார்த்து வருவார். அத்திம்பேர் நல்லபடியாக உள்ளே நுழைவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் எழுந்து போவார்.