வெள்ளிக் கதவும் முதிரைக் கதவும்

உவர்மலையில் இருக்கும் ஐயா வீட்டு முன்கதவு முதிரை மரம். இரண்டு பக்கமும் தாளிப்பனை ஓலை விரிந்து நிற்கும். நரம்பு கூடத் தெரியும்படி செதுக்கியிருக்கிறது. கீழே அன்னங்கள். விரலை வைத்தால் எடுக்க மனம் வராது. ஆனாலும் அந்தக் கதவைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்த வீடும் கதவும் வருவதற்கு முன், ஐயா பாராளுமன்ற உறுப்பினராக இருந்தார். நான் அவருடைய திருகோணமலை அலுவலகத்தில் எழுதுவினைஞர். ஞாயிறு காலையில் வெருகல், தோப்பூர்ப் பக்கத்துச் சனம் முதல் பஸ் பிடித்து வந்து காத்திருக்கும். ஐயா ஒருவரையும் வெறுங்கையோடு அனுப்பமாட்டார். பாராளுமன்றக் கட்டடத்தைக் கொடுத்து அனுப்புவார். வாவிக்கு நடுவே அடுக்கடுக்காகச் செப்புக் கூரை. பெரிய வெள்ளிக் கதவு, அதிலே மூன்று மொழியிலும் பொறித்த அரசியலமைப்பின் முகவுரை. சபைக்குள்ளே கூடாரம்போல மினுங்கும் உட்கூரை, நடுவில் தாளிப்பனை வடிவத்தில் தொங்கும் வெள்ளிச் சரவிளக்கு. சொல்லும்போது கண்ணை மூடிக்கொள்வார். கிணறு கேட்டு வந்தவனுக்குக் கூரை. காணாமல் போன மகனைத் தேடி வந்தவளுக்குச் சரவிளக்கு. அதைவிடக் கொடுமை, சனம் சந்தோசமாகப் போனதுதான். "ஐயா எவ்வளவு நேரம் எங்களோட இருந்து கதைச்சவர்" என்று என்னிடமே சொல்லிவிட்டுப் போவார்கள். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருக்கும்.

சம்பூர் அக்கா மட்டும் அப்படிப் போகவில்லை. ஊரைவிட்டு எழும்பி வந்து தறப்பாள் கொட்டிலில் இருந்தவள். வீடும் காணியுமாக அவள் வளவு படையினரின் கம்பிவேலிக்குள் போய்விட்டது. "மனுசன் பாயோட கிடக்கிறார் ஐயா. எங்கட வளவிலதான் கண்ணை மூடுவன் எண்டு நிக்கிறார். ஒருக்கா பாராளுமன்றத்தில எழும்பிக் கதையுங்கோ" என்றாள். ஐயா வெள்ளிக் கதவில் தொடங்கினார். அவள் முடியும்வரை கேட்டாள். "கதவு நல்லம் ஐயா. அதுக்குள்ள போய் எங்கட வளவைப் பற்றிக் கதைச்சனீங்களோ?"

"கதைக்கத்தானே போறன் தங்கச்சி. நீரும் வந்து பாருமன்."

ஒரு பஸ்ஸில் எங்களையெல்லாம் ஏற்றிக் கூட்டிப்போனார். நானும் அக்காவும் பார்வையாளர் மாடத்தில் இருந்தோம். ஐயாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். கதிரை காலி. இன்னொரு தரம் கூப்பிட்டுவிட்டு அடுத்த ஆளுக்குப் போய்விட்டார்கள். அக்கா சரவிளக்கை ஒரு தரமும் பார்க்கவில்லை; அந்தக் கதிரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்தால், மாடத்தில் இடம் கிடைக்காத எங்கள் ஊர்ச் சனத்துக்கு ஐயா வெள்ளிக் கதவைக் காட்டி விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்கிறார்! சனம் வாய் பிளந்து கேட்டுக்கொண்டு நிற்கிறது. பாழாய்ப்போன மனுசன்.

அந்தக் கிழமை முடியுமுன்னே அக்காவின் கணவர் கொட்டிலிலேயே கண்ணை மூடினார். செத்தவீட்டுக்கு வந்த ஐயா, பிரேதத்துக்கு மாலை போட்டுவிட்டு அவளுக்குப் பக்கத்தில் குனிந்து, "அந்தச் சரவிளக்கைப் பாத்தனீரோ தங்கச்சி?" என்று கேட்டார். மனமறிந்து அவர் கொடுமை செய்தாரென்று நான் சொல்லமாட்டேன். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

வருசங்கள் கழித்து வளவு விடுவிக்கப்பட்டது; அதில் ஐயாவின் பங்கு ஒன்றுமில்லை. அவர் தேர்தலில் தோற்று, உவர்மலையில் வீடு கட்டி, பாராளுமன்றத்தை நினைத்து இந்தக் கதவைச் செதுக்குவித்தார். மனைவி இறந்துவிட்டார். பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு காகமும் அந்தப் பக்கம் வருவதில்லை.

போன மாதம் நான் பார்க்கப் போனேன். சமைக்கிற பிள்ளை அவரை வாசலில் கதிரையில் இருத்திவிட்டுச் சந்தைக்குப் போயிருந்தது. வெயில் அவர் மடிவரை ஏறிவிட்டது. எனக்கு முன்னே படலையைத் திறந்துகொண்டு போனவள் சம்பூர் அக்கா. இப்போது வீடு வீடாகத் தயிர்ச்சட்டி விற்கிறாள். ஐயாவுக்கு அவளை அடையாளம் தெரியவில்லை.

"தங்கச்சி, சுடுது. என்னை ஒருக்கா உள்ளுக்கு விடுமன்."

அக்கா தயிர்ப்பெட்டியை இறக்கி வைத்தாள். அவரைத் தாண்டிப் போய்க் கதவைத் தடவினாள்.

"என்ன வடிவான கதவு ஐயா! ஓலையில நரம்பு கூடத் தெரியுது. அன்னம் உயிரோட நிக்கிற மாதிரி. எங்க செய்விச்சனீங்கள்?"

ஆறுதலாக, ஒவ்வொரு அன்னமாகப் பார்த்து முடித்துவிட்டுப் பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு என்னைக் கடந்து போனாள். ஐயா என் பக்கம் திரும்பினார். நான் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.