என் இதயத்துக்காகப் படித்த ஸ்பானிஷ்

திருச்சி மருத்துவமனையின் இதயப் பிரிவில் டாக்டர் மேடம் என்னைப் பார்த்துத்தான் கேட்டார். பதில் சொன்னது ஆத்தா.

"மூச்சு வாங்குதா?"

"மாடிப்படி ஏறுனா லேசா வாங்குதுங்க மேடம். படுத்தா ஒண்ணுமில்ல."

எங்கள் கீரனூர்ப் பக்கம் யாரும் இதை விசித்திரமாக நினைப்பதில்லை. நோயாளி உடம்பைக் கொண்டுபோவார், கூடப் போகிறவர் வாயைக் கொண்டுபோவார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஆனாலும் ஆஸ்பத்திரியில் எனக்காகப் பேசியது ஆத்தாதான்.

சிறுவயதில் கவனிக்காமல் விட்ட தொண்டைப் புண் வாதக் காய்ச்சலாக (மூட்டையும் இதயத்தையும் தாக்கும் காய்ச்சல்) மாறி, மைட்ரல் வால்வைச் (இதயத்தின் இடப்பக்கத்து இரண்டு அறைகளுக்கு நடுவிலுள்ள கதவு) சுருக்கிவிட்டது. டிப்ளமோ படிக்கும்போது நெஞ்சைத் திறந்து உலோக வால்வு வைத்தார்கள். அன்று முதல் ரத்தம் உறையாமல் இருக்கத் தினமும் ஒரு மாத்திரை.

காற்றாலைகளைத் திரையில் கண்காணிக்கிற வேலை கிடைத்தது. ஆறு மாதப் பயிற்சிக்கு ஸ்பெயினுக்கு அனுப்புவதாகக் கம்பெனியில் சொன்னார்கள். டாக்டர் சான்றிதழ் கொடுத்தால் போகலாம்.

"வால்வு நல்லா வேலை செய்யுது, தாராளமா போங்க," என்றார் மேடம். "ஆனா அங்க திடீர்னு ஒண்ணு ஆச்சுன்னா யாரு சொல்றது?"

"நான் போன்ல சொல்லிப்புடுறேன் மேடம்," என்றாள் ஆத்தா.

"எந்தப் பாஷையிலம்மா?" சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "அடுத்த தடவை வரும்போது நீங்களே எல்லாத்தையும் சொல்லணும். அப்பத்தான் கையெழுத்து."

கீரனூரிலிருந்து திருச்சி போகும் பஸ்ஸில், காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஸ்பானிஷ் படித்தேன். கொராஸோன், இதயம். தோலோர், வலி. மே ஃபால்தா எல் ஐரே, எனக்கு மூச்சு போதவில்லை. தெங்கோ ஊனா பால்புலா மெக்கானிக்கா, எனக்கு உலோக வால்வு இருக்கிறது.

சொற்கள் சீக்கிரம் மனப்பாடமாயின. சிக்கல் வேறிடத்தில் இருந்தது. ஸ்பானிஷ்காரர்கள் வலியைத் தனியாகவும், அழுத்தத்தைத் தனியாகவும், படபடப்பைத் தனியாகவும் கேட்கிறார்கள். நானோ இத்தனை வருடமும் "ஒரு மாதிரியா இருக்கு" என்று மட்டும் சொல்லி, மிச்சத்தை ஆத்தாவிடம் விட்டவன். எனக்கு என்ன செய்கிறது என்று தமிழிலேயே எனக்குத் தெரியவில்லை. முதலில் அதைப் படிக்க வேண்டியிருந்தது.

வீட்டில் ஒத்திகை நடந்தது. நான் கட்டிலில் படுப்பேன். ஆத்தா நர்ஸ்.

"என்னய்யா செய்யுது?"

நெஞ்சின் நடுவில் கைவைத்து ஸ்பானிஷில் சொன்னேன்.

"கைய அங்க ஏன் வக்கிற? ஒனக்கு வலிக்கிறது இங்கிட்டு, இடப்பக்கம்!"

"வலி ஒனக்கா எனக்கா?"

"பெத்தவளுக்குத் தெரியாதாக்கும்!"

அடுத்த முறை மேடமிடம் நானே சொன்னேன். எப்போது படபடக்கிறது, எவ்வளவு நேரம், வலியா அழுத்தமா என்று. ஆத்தா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கையெழுத்துக் கிடைத்தது.

ஸ்பெயினில், சரகோசா நகரில் மூன்றாவது மாதம், மதியச் சாப்பாட்டின்போது இதயம் தாளம் தப்பி ஓடத் தொடங்கியது. கூட வேலை பார்ப்பவர் ஆம்புலன்ஸை அழைத்தார். அதில் நான் மட்டுமே ஏற முடிந்தது.

அவசரப் பிரிவில் முதலில் வால்வைச் சொன்னேன். அடுத்து, ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரையைச் சொன்னேன். வலி இல்லை, படபடப்பு, மூச்சு போதவில்லை, சாப்பிடும்போது ஆரம்பித்தது. அவர்களுக்குப் புரிந்தது.

பிறகு நர்ஸ் ஒன்று கேட்டார். "கோன் கியென் வியேனே?" விளங்கவில்லை. அவர் கதவுப் பக்கம் கை காட்டினார். யாரோடு வந்திருக்கிறீர்கள் என்கிறார்.

அத்தனை சொல் படித்தவன், "தனியாக" என்ற சொல்லைப் படிக்கவே இல்லை. ஆத்தாவுக்கும் தோன்றவில்லை. ஒரு ஸ்கேன் எடுக்க மூன்று பேர் பஸ் ஏறுகிற ஊரில் அது யாருக்குத் தோன்றும்?

என் நெஞ்சைத் தொட்டு, "யோ," என்றேன். நான். நானே என்னைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறேன்.

நர்ஸ் சிரித்துவிட்டார். எனக்கும் அந்த மூச்சிரைப்பிலும் சிரிப்பு வந்தது.

ஏட்ரியல் ஃபிப்ரில்லேஷன் (இதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றித் துடிப்பது) என்றார்கள். நரம்பு வழியாக மருந்து ஏறியது. சாயங்காலம் துடிப்பு சீரானதும் ஆத்தாவை அழைத்தேன்.

"கூட யாரு இருக்கா?"

"நான்தான் இருக்கேன்."

"மாத்திரையச் சொன்னியா?"

"சொன்னேன்."

"வால்வு?"

"அதத்தான் மொதல்ல சொன்னேன் ஆத்தா."

"அப்பச் சரி. சாப்புட்டியா?"

இதே வால்வோடு வெளியூர் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். கல்ஃபுக்குப் போனாலும் சூரத்துக்குப் போனாலும், அந்த ஊர்ப் பாஷையில் வால்வையும் மாத்திரையையும் முதலில் சொல்லப் பழகுங்கள். தனியாக வந்திருக்கிறேன் என்பதையும் சேர்த்துப் படியுங்கள். அது வெட்கப்படுகிற சொல் இல்லை.

ஊருக்குத் திரும்பிவிட்டேன். யாராவது "எப்படி இருக்கீங்க?" என்றால் இப்போது உடனே பதில் வருவதில்லை. உள்ளே கவனித்துவிட்டுச் சொல்கிறேன். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவிலுள்ள அந்தச் சின்ன நேரம் இத்தனை காலமும் ஆத்தாவுடையதாக இருந்தது. இப்போது அதற்குள் என் இதயம் துடிப்பது எனக்கே கேட்கிறது.